மாடல் டி-யா, பீட்டிலா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சென்ற இதழில் பழைய கார்களின் பெட்ரோல் டேங்க் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஃபோர்டு மாடல் டி-யும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலும் "முப்பது வருட இடைவெளியில் பிறந்த அண்ணன் தம்பி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இப்போது மேசை முழுக்க. இரண்டு வண்டிகளையும் கழற்றி மாட்டியவன் என்ற முறையில் எனக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. இந்தப் பக்கம் முழுவதும் அந்த இரண்டு வண்டிகளுக்கே.

கேள்வி: 1908-ல் வந்த வண்டியையும் 2003 வரை தயாரிப்பில் இருந்த வண்டியையும் எப்படி ஒப்பிட முடியும்? தாத்தாவையும் பேரனையும் ஓட்டப்பந்தயத்தில் விடுவது போல இல்லையா?

பதில்: வேகத்தை வைத்து ஒப்பிட்டால் நீங்கள் சொல்வது சரிதான். மாடல் டி நல்ல நிலையில் இருந்தால் மணிக்கு 65, 70 கிலோமீட்டர் போகும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பீட்டில் 100-ஐத் தொடும். அதில் பேச ஒன்றும் இல்லை.

நான் பார்ப்பது வேறு. இரண்டுமே அதுவரை கார் வாங்கியே இராதவர்களுக்காகச் செய்த வண்டிகள். ஹென்றி ஃபோர்டின் மனதில் இருந்தவர் அமெரிக்க விவசாயி. பீட்டிலை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் கேட்கப்பட்டதோ, இரண்டு பெரியவர்களும் மூன்று குழந்தைகளும் உட்கார்ந்து 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற, ஆயிரம் ரைஷ்மார்க்குக்குள் (அன்றைய ஜெர்மன் நாணயம்) அடங்குகிற வண்டி. வாங்குகிறவருக்கு கார் பழக்கம் இல்லை, பக்கத்தில் மெக்கானிக்கும் இருக்கமாட்டார். அவர் கையில் எப்படிப்பட்ட வண்டியைக் கொடுப்பது? இருவருக்கும் கணக்கு ஒன்றுதான்.

விடைதான் வேறு. எல்லாவற்றையும் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டால் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்வார் என்று ஃபோர்டு நினைத்தார். ஓட்டுகிறவர் பார்க்க வேண்டிய வேலையையே குறைத்துவிட நினைத்தார் போர்ஷே. மாடல் டி-யில் தீப்பொறி எப்போது பிறக்க வேண்டும் என்று நீங்கள்தான் ஒரு கைப்பிடியை நகர்த்திச் சொல்ல வேண்டும். பீட்டிலில் ரேடியேட்டரே கிடையாது. ஊற்றத் தண்ணீர் இல்லை, கொதிக்கத் தண்ணீர் இல்லை, குளிரில் உறைந்து எஞ்சினை வெடிக்க வைக்கவும் தண்ணீர் இல்லை. பட்டறையில் இந்த இரண்டு வண்டிகளில் எந்த நட்டைத் திருப்பினாலும் இந்த வித்தியாசம் கையில் தட்டுப்படும்.

சாலையையும் சேர்த்துப் பாருங்கள். மாடல் டி வந்தபோது அமெரிக்கக் கிராமப்புறத்தில் இருந்தவை வண்டித் தடங்கள்தான். மழை பெய்தால் முழங்கால் சேறு. அதனால்தான் அந்த வண்டி தரையிலிருந்து பத்து அங்குலம் தூக்கி நிற்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று குறுக்காகப் போட்ட இரண்டே பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்திலும் எதிர்ச்சக்கரம் மேட்டிலும் இருந்தாலும் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொடுத்துப் போய்விடும். வனேடியம் கலந்த எஃகு போட்டதால் பாகங்கள் மெலிதாக இருந்தும் உடையவில்லை. பீட்டிலோ ஜெர்மனியின் ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலைக்காக யோசிக்கப்பட்டது. மணிக்கணக்காக முழு வேகத்தில் போனாலும் எஞ்சின் தாங்க வேண்டும். அதற்காக எஞ்சினை வேண்டுமென்றே மூச்சடக்கி வைத்தார்கள். சின்ன கார்புரேட்டர், ஒடுங்கிய காற்றுப் பாதை. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் அது தன்னைக் கெடுத்துக்கொள்ளும் வேகத்துக்குப் போகாது.

கேள்வி: மாடல் டி எஞ்சின் 2.9 லிட்டர், ஆனால் 20 குதிரைத்திறன்தான். பீட்டில் 1131 சி.சி.யில் 25 கொடுத்தது. அப்படியென்றால் ஃபோர்டின் எஞ்சின் மோசமான எஞ்சின்தானே?

பதில்: இல்லை. அந்தக் கால பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் பொருத்திச் செய்த எஞ்சின் அது.

அந்த பெட்ரோலை இறுக்கி அழுத்தினால் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். அதனால் மாடல் டி-யின் அழுத்த விகிதம் நாலுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. பீட்டிலின் 25 குதிரை எஞ்சினில் அது 5.8. அப்புறம் சுற்று. மாடல் டி தன் 20 குதிரையை நிமிடத்துக்கு 1600 சுற்றில் கொடுத்துவிடும். பீட்டில் அந்த 25-ஐக் கொடுக்க 3300 சுற்று வேண்டும். ஃபோர்டு எஞ்சினை ஏன் வேகமாகச் சுற்றவிடவில்லை என்றால், அதில் எண்ணெய் பம்பே கிடையாது. அடியில் தேங்கிய எண்ணெயை எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீல் அள்ளி வீசும், அதில் கொஞ்சம் ஒரு குழாய் வழியாக முன்பக்கம் போகும், மற்றதெல்லாம் தெறிப்புதான். பேரிங் எல்லாம் ஈயம்போல் மென்மையான பாபிட் உலோகம். இப்படிப்பட்ட எஞ்சினை 3000 சுற்றுக்கு விரட்டக் கூடாது.

ஆனால் அதன் இழுவையைப் பாருங்கள். 900 சுற்றிலேயே முழு இழுவையும் வந்துவிடும். சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டிக்கு வேண்டியது அதுதான். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி, மரம் அறுக்கும் ரம்பத்தை ஓட்டினார்கள் விவசாயிகள். பீட்டிலை வைத்து அந்த வேலை செய்ய நான் முயலமாட்டேன்.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மாடல் டி-யில் எண்ணெய் அளவு பார்க்கக் குச்சி கிடையாது. வண்டிக்கு அடியில், ஃபிளைவீல் கூட்டில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னத் திருகு குழாய்கள் இருக்கும். மேல் குழாயைத் திறந்தால் எண்ணெய் வர வேண்டும். வராவிட்டால் கீழ்க்குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். அதிலும் வரவில்லை என்றால் எஞ்சினைத் தொடவே கூடாது. என் குரு அந்தச் சொட்டை விரலில் எடுத்து, கட்டை விரலால் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். எண்ணெய் இருக்கிறதா என்பதோடு அது எரிந்த எண்ணெயா, உலோகத் தூள் கலந்த எண்ணெயா என்பதும் அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். மாடல் டி வைத்திருந்த ஒவ்வொருவரும் இப்படி மல்லாந்து படுத்துத்தான் தங்கள் வண்டியைத் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி: மாடல் டி-யில் மூன்று பெடல் இருக்கிறது, ஆனால் கார் ஓட்டத் தெரிந்தவர்களாலும் ஓட்ட முடியாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. கார் ஓட்டத் தெரிந்திருப்பதுதான் அங்கே இடைஞ்சல்.

இடது பெடலை நாம் கிளட்ச் என்று நினைப்போம். அதைத் தரைவரை மிதித்தால் முதல் கியர் விழும். பாதியில் பிடித்தால் நியூட்ரல். காலை முழுக்க எடுத்துவிட்டால் மேல் கியர். மொத்தமே இரண்டு கியர்தான். நடுப் பெடல் பின்னோக்கிப் போக. வலது பெடல், ஆக்ஸிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், பிரேக். அந்த பிரேக்கும் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர் பெட்டிக்குள் ஒரு டிரம்மைச் சுற்றியிருக்கும் பட்டையை இறுக்கும். ஆக்ஸிலேட்டர் ஸ்டீயரிங்குக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கைப்பிடி. இடப்பக்கக் கைப்பிடி தீப்பொறியின் நேரத்துக்கு. கீழே இழுத்தால் தீப்பொறி முந்தும், மேலே தள்ளினால் பிந்தும். இடது காலருகே உள்ள நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் கைப்பிரேக், கூடவே நியூட்ரல்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அந்த வண்டியின் சொந்தக்காரர், வயதானவர். ஒரு வெட்ட வெளியில் நிறுத்தி, முதல் ஒரு மணி நேரம் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. "மிதி, பாதி, விடு" என்று அவர் சொல்லச் சொல்ல இடது காலை மட்டும் பழக்கினேன். அப்புறம் ஓட்டினேன். நன்றாகத்தான் போனது. எதிரே ஒரு நாய் வந்ததும் இருபது வருடப் பழக்கம் காலில் எழுந்தது. கிளட்ச் என்று இடது பெடலைத் தரைவரை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. முதல் கியர் பிடித்து முழு இழுவையோடு முன்னால் உறுமியது. அவர் பக்கத்திலிருந்து கையை நீட்டி நெம்புகோலைப் பின்னால் இழுத்தார். நாய் பிழைத்தது. அன்றிலிருந்து மாடல் டி-யில் உட்காரும்போதெல்லாம் முதலில் என் இடது காலிடம் இது வேறு வண்டி என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறேன்.

ஆனால் 1908-ல் இந்த ஏற்பாடுதான் எளிது. மற்ற வண்டிகளில் கியர் மாற்றப் பல்லும் பல்லும் கரகரவென்று உரசும், அதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். மாடல் டி-யின் கியர் பற்கள் எப்போதும் ஒன்றோடொன்று இணைந்தே சுற்றுகின்றன. பட்டையை இறுக்குவதும் விடுவதும்தான் கியர் மாற்றம். குதிரை வண்டியைத் தவிர வேறெதுவும் ஓட்டாத ஒருவர் இதை ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்.

கேள்வி: மேட்டில் மாடல் டி-யைப் பின்பக்கமாக ஏற்றுவார்களாமே?

பதில்: ஆமாம். பெட்ரோல் டேங்க் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, பம்ப் இல்லை. உயரத்திலிருந்து தானாக இறங்குகிற பெட்ரோல்தான் கார்புரேட்டருக்கு. டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் டேங்கைவிட உயரப் போய்விடும், பெட்ரோல் வராது. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்றினால் டேங்க் மேலே, எஞ்சின் கீழே. ரிவர்ஸ் கியருக்கு முதல் கியரைவிட இழுவை அதிகம் என்பதும் கைகொடுக்கும்.

கேள்வி: மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது ஏன்?

பதில்: கறுப்பு மட்டும் என்பது 1914 முதல் 1925 வரை. அதற்கு முன்னால் பச்சை, சிவப்பு, நீலம், சாம்பல் எல்லாம் இருந்தன. கடைசி ஆண்டுகளில் மறுபடியும் நிறங்கள் வந்தன. கறுப்பு மலிவானது, நீடித்து உழைப்பது. ஒரே நிறம் என்றால் தயாரிப்பு வரிசையில் குழப்பமும் இல்லை. 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் வரிசை வந்த பிறகு, பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் வேலை சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு இறங்கியது. 850 டாலருக்கு அறிமுகமான வண்டி, 1925-ல் அதன் மிக மலிவான வடிவத்தில் 260 டாலர். அந்த விலைக்கு வண்டி கிடைக்கும்போது நிறம் பற்றிக் கேட்டவர்கள் குறைவு.

கேள்வி: இரண்டுமே வடிவம் மாறாமல் வந்த வண்டிகள். ஆனால் மாடல் டி 19 ஆண்டில் முடிந்துவிட்டது, பீட்டில் அறுபது ஆண்டுக்கு மேல் நின்றது. ஏன்?

பதில்: நல்ல கேள்வி. இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

மாடல் டி-யின் உயிரே அந்தப் பட்டை கியர் பெட்டியும் பெடல் ஏற்பாடும்தான். அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாமே. 1920-களில் மற்ற நிறுவனங்கள் மூன்று கியர், காலால் மிதிக்கிற ஆக்ஸிலேட்டர், விதவிதமான நிறம் என்று வந்துவிட்டபோது, மாடல் டி-யில் அதையெல்லாம் புகுத்த இடமே இல்லை. 1919-ல் மின்சார ஸ்டார்ட்டர் கொடுத்தார்கள், கடைசியில் கம்பிச் சக்கரம் கொடுத்தார்கள். அதற்கு மேல் மாற்ற வேண்டுமென்றால் வேறு வண்டிதான் செய்ய வேண்டும். 1927-ல் அதைத்தான் செய்தார்கள். மாடல் டி-யை நிறுத்தி, தயாரிப்பையே பல மாதங்கள் முடக்கி, மாடல் ஏ-வுக்கு மாறினார்கள். ஃபோர்டு முன்பே மாறியிருக்கலாம் என்பது என் எண்ணம். தன் வண்டியின் மேல் இருந்த பாசம் அவர் கண்ணை மறைத்துவிட்டது.

பீட்டிலின் கதை வேறு. 1948-ல் ஃபோக்ஸ்வேகனின் தலைமைப் பொறுப்பேற்ற ஹைன்ரிஷ் நோர்ட்ஹோஃப் உருவத்தைத் தொடவில்லை, உள்ளே தொட்டுக்கொண்டே இருந்தார். பின் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது 1953-ல் ஒற்றை நீள்வட்டமாயிற்று, 1957-ல் அகலமாயிற்று. கம்பி இழுத்துப் பிடிக்கிற பிரேக் போய் ஹைட்ராலிக் பிரேக் வந்தது. 1131 சி.சி. எஞ்சின் 1192 ஆகி, 1285 ஆகி, 1493 ஆகி, கடைசியில் 1584 ஆயிற்று. ஆறு வோல்ட் பன்னிரண்டாயிற்று. 1960-களின் தொடக்கம் வரை பெட்ரோல் முள்கூடக் கிடையாது. எஞ்சின் தடுமாறும்போது காலடியில் இருக்கும் ஒரு திருகை உதைத்து ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். அதுவும் போயிற்று. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே வண்டி போலத் தெரியும் இரண்டு பீட்டில்களுக்கு இடையே ஒரு பாகத்தைக்கூட மாற்றிப் போட முடியாமல் நான் நின்றிருக்கிறேன்.

கேள்வி: பீட்டில் ஹிட்லர் செய்யச் சொன்ன வண்டி. அதை ஆசையோடு பழுதுபார்க்கவும் பாராட்டவும் உங்களுக்கு உறுத்தவில்லையா?

பதில்: உறுத்துகிறது. உறுத்தவும் வேண்டும்.

1930-களில் அந்த வண்டிக்கென்று மக்களிடம் வாரம் ஐந்து மார்க் வாங்கி, அட்டையில் ஸ்டாம்ப் ஒட்டவைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிச் சேமித்தார்கள். ஒருவருக்கும் வண்டி போய்ச் சேரவில்லை. தொழிற்சாலை போருக்கான வாகனங்களைச் செய்தது. ஜெர்மனி கைப்பற்றிய நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் வதைமுகாம் கைதிகளும் அங்கே கட்டாய வேலை செய்தார்கள். வண்டியின் வடிவமைப்பிலும் கணக்கு பாக்கி இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் டாட்ரா நிறுவனத்தில் ஹான்ஸ் லெட்விங்கா செய்த காற்றால் குளிரும் பின் எஞ்சின் வண்டியோடு பீட்டிலுக்கு இருந்த ஒற்றுமை வழக்காகி, 1965-ல் ஃபோக்ஸ்வேகன் பத்து லட்சம் மார்க் கொடுத்துத் தீர்த்தது.

ஹென்றி ஃபோர்டின் பக்கமும் சுத்தமில்லை. 1920-களில் அவருடைய பத்திரிகை யூதர்களுக்கு எதிராக வாரக்கணக்கில் விஷம் கக்கியது. மாடல் டி முடிந்த அதே 1927-ல்தான் அவர் மன்னிப்புக் கேட்டார்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் இந்த வண்டிகளைத் தொடுகிறேன். பீட்டிலைப் பார்க்க வரும் இளைஞர்களிடம் எஞ்சினைக் காட்டும்போதே இதையும் சொல்கிறேன். போர் முடிந்ததும் குண்டு விழுந்து கூரை இல்லாமல் நின்ற அந்தத் தொழிற்சாலையை பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஐவன் ஹர்ஸ்ட் மறுபடி ஓட வைத்தார். 1945 டிசம்பர் கடைசியில் வரிசைத் தயாரிப்பு தொடங்கியது. சாதாரண மக்கள் கைக்குப் போன பீட்டில்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

கேள்வி: என்னிடம் 1960-களின் பீட்டில் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டரைப் பார்த்துக்கொள் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். என்ன விஷயம்?

பதில்: பயம் வேண்டாம், கவனம் வேண்டும். உங்கள் எஞ்சினில் காற்றை அடிக்கும் விசிறிக் கூட்டுக்குள்ளேயே எண்ணெய்க் குளிர்விப்பான் நிற்கிறது. அது நேராக மூன்றாவது சிலிண்டருக்கு மேலே. அந்தச் சிலிண்டருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சூடாகி, பாதி மறைக்கப்பட்ட காற்று. அதனால்தான் தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்கள் பலவற்றில் அந்தச் சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சற்றே பிந்தும்படி வைத்தார்கள். 1971 மாடலில்தான் குளிர்விப்பானைத் தனிப் பாதைக்கு நகர்த்தினார்கள்.

அதிகம் சூடாகும் இடத்தில் வால்வு நீளும். வால்வு இடைவெளி குறையும். குறைந்தால் வால்வு முழுசாக மூடாது, மூடாத வால்வு தன் சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் எரிந்துபோகும். இதைத் தடுக்க 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டாப்பெட், அதாவது இந்த வால்வு இடைவெளியை, பார்த்தால் போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில், ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். பிந்தைய எஞ்சின்களுக்கு 0.15 மில்லிமீட்டர். முந்தைய எஞ்சின் என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டே வழுக்கி வர வேண்டும். இழுக்கும்போது வெண்ணெயில் கத்தி போவது போல இருந்தால் இடைவெளி அதிகம். ஒவ்வொரு முறையும் அளவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் முறைக்கு முறை இறுகிக்கொண்டே வந்தால், வால்வு தண்டு நீண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். உடைவதற்கு முன்னால் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. விசிறி பெல்ட். மற்ற கார்களில் டைனமோ பெல்ட் அறுந்தால் பேட்டரி தயவில் கொஞ்ச தூரம் போய்விடலாம். பீட்டிலில் டைனமோவும் குளிர்விக்கும் விசிறியும் ஒரே தண்டில் இருக்கின்றன. சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த நொடியே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். ஒரு இரவுப் பயணத்தில் எனக்கு அது நடந்தது. கிளம்பும் முன்பே பெல்ட்டில் விரிசலைப் பார்த்திருந்தேன், திரும்பி வந்து மாற்றலாம் என்று விட்டது என் தவறு. நல்லவேளை, டிக்கியில், அதாவது வண்டியின் முன்பக்கத்தில், புது பெல்ட் இருந்தது. டைனமோ புல்லி இரண்டு தட்டுகளாகப் பிரியும். அதன் விளிம்பில் உள்ள வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை முட்டுக்கொடுத்து, 21 ஸ்பேனரால் நட்டைக் கழற்ற வேண்டும். தட்டுகளுக்கு நடுவே மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை வெளியே எடுத்தால் தட்டுகள் நெருங்கும், பெல்ட் மேலேறி இறுகும். எடுத்த வாஷரைத் தூக்கிப் போடக் கூடாது. நட்டுக்கு அடியில் வெளிப்பக்கம் கோத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு வாஷரும் தொலையாது, எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் பெல்ட் ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். கைவிளக்கு வெளிச்சத்தில் இருபது நிமிடத்தில் முடிந்தது. அந்த வாஷர் ஏற்பாட்டை யோசித்தவர், இருட்டில் நடுச்சாலையில் நிற்கிறவனை மனதில் வைத்துத்தான் யோசித்திருக்கிறார்.

கேள்வி: மாடல் டி-யின் விற்பனைச் சாதனையை பீட்டில் எப்போது முறியடித்தது?

பதில்: 1972 பிப்ரவரி 17. அன்று வெளிவந்த பீட்டிலின் எண் 1,50,07,034. கடைசி பீட்டில் 2003 ஜூலை 30-ல் மெக்சிகோவின் புவேப்லாவில் முடிந்தபோது மொத்தம் 2,15,29,464. எனக்குப் பிடித்த இன்னொரு தேதி மே 26. 1927-ல் அன்றுதான் ஃபோர்டின் ஒன்றரைக் கோடியாவது மாடல் டி வெளியே வந்தது. 1938-ல் அதே நாளில்தான் பீட்டில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நட்டார்கள்.

கேள்வி: முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டில் எதைச் சொல்வீர்கள்?

பதில்: ஓட்ட என்றால் பீட்டில். யோசிக்காமல் சொல்வேன். உதிரி பாகம் கிடைக்கும், இன்றைய சாலையில் மற்ற வண்டிகளோடு போக முடியும், நாலே நாலு போல்ட்டைக் கழற்றினால் எஞ்சின் ஜாக்கியில் இறங்கி வெளியே வந்துவிடும். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். பின் இருக்கையைத் தூக்கி பேட்டரிக்கு அடியில் தரைத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். கதவுக்குக் கீழே ஓடும் சூடான காற்றுக் குழாய் துருப்பிடித்திருந்தால் செலவு பெரிது. பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசல்போல் மேலும் கீழும் ஆடுகிற பழைய ஊசல் அச்சு வைத்த பீட்டில் என்றால் ஒரு எச்சரிக்கை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வால் வீசிவிடும்.

மாடல் டி-யில் வால் வீசும் பயம் இல்லை, நிற்குமா என்ற பயம்தான். பிரேக் கியர் பெட்டிக்குள் இருப்பதால், அங்கிருந்து பின்சக்கரம் வரை ஏதாவது ஒன்று உடைந்தால் பிரேக் பெடல் வெறும் பெடல். மிச்சம் இருப்பது பின்சக்கரத்தில் உள்ள சின்னக் கைப்பிரேக் மட்டும். நெரிசலுக்குள் அதை எடுத்துப்போக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு நாள், காலை நேரம், ஆளில்லாத சாலை, கூட ஒருவர் என்று உங்களுக்கு அமையுமானால் மாடல் டி கொடுக்கும் அனுபவத்தை எந்த பீட்டிலும் கொடுக்காது. மேட்டில் ஏறும்போது தீப்பொறிக் கைப்பிடியை ஒரு பல் மேலே தள்ள, எஞ்சினின் முனகல் மாறி அது மூச்சு விடுவது உள்ளங்கையில் தெரியும்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தெரிந்தவர் ஒருவரிடம் மாடல் டி இருக்கிறது. அவளுக்கு எதைக் காட்டச் சொல்லலாம்?

பதில்: கொடுத்துவைத்த பிள்ளை. முதலில் டேஷ்போர்டில் இருக்கும் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே நாலு சின்ன மரப்பெட்டிகள் வரிசையாக நிற்கும். சிலிண்டருக்கு ஒரு காயில். சாவியை பேட்டரி பக்கம் திருப்பினால் அவற்றில் ஒன்று வண்டு போல ரீங்காரமிடும். அதன் தலையில் இருக்கும் தகடு அதிரும் வேகத்தில் தீப்பொறிகள் பிறக்கின்றன. எஞ்சினை ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றினால் ஒரு பெட்டியின் சத்தம் நின்று அடுத்தது பாட ஆரம்பிக்கும். 1, 2, 4, 3 என்று அவளையே எண்ணச் சொல்லுங்கள். பிளக்கை எல்லாம் கழற்றி வெளியே வைத்துவிட்டுச் செய்தால் ஆபத்தில்லை, தீப்பொறியும் கண்ணுக்குத் தெரியும். கழற்றிய துளைகளைச் சுற்றி பெட்ரோல் ஆவி இல்லாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்வதை அவள் தள்ளி நின்று பார்க்கட்டும். தீப்பொறிக் கைப்பிடி மேலே இருக்க வேண்டும். இடது கையால், கீழிருந்து மேலாகத்தான் இழுக்க வேண்டும். கட்டை விரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கை முறிந்துவிடும்.

அப்புறம் நீங்கள் அதிர்ஷ்டசாலி என்றால் ஒன்று நடக்கும். சூடான எஞ்சினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில், ஒரு பிஸ்டன் சரியான இடத்தில் நின்று, சிலிண்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் கலவை மிச்சம் இருந்தால், சாவியைத் திருப்பியதும் யாரும் ஹேண்டிலைத் தொடாமலே எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். என் குரு முதன்முதலாக எனக்கு அதைக் காட்டியபோது நான் உங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். அதைக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிரேக் நெம்புகோல் முழுக்கப் பின்னால் இருக்கிறதா, வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கவில்லையா என்று பார்த்துவிட்டு.